ராமநாதபுரம் கடற்கரையில் பெரிய லித்தியம் பேட்டரிக்குச் சோலார் சார்ஜ் சுற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, கடலோர ஊர்களில் வீட்டுக்கும் கடைக்கும் படகுக்கும் லித்தியம் பேட்டரி வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் அதை வெயிலில் எப்படிச் சார்ஜ் செய்வது என்ற கேள்வி வருகிறது. சோலார் பொருத்தும் வேலையில் இருப்பதால் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கேட்டவர்களின் வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணக்குக்கு எல்லா இடத்திலும் ஒரே எடுத்துக்காட்டு: 280 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள் 16-ஐத் தொடராக இணைத்த 51.2 வோல்ட் பேட்டரி. ஏறத்தாழ 14.3 யூனிட் பிடிக்கும்.

வீட்டில் இன்வெர்ட்டரும் டியூபுலர் வகை ஈய பேட்டரியும் ஏற்கெனவே இருக்கின்றன. பேட்டரியை மட்டும் கழற்றிவிட்டு லித்தியத்தை மாட்டினால் போதாதா?

போதாது. ஈய பேட்டரிக்கென்று செய்த சார்ஜர், அவ்வப்போது செல்களைச் சமன்செய்வதற்காக மின்னழுத்தத்தை 60 வோல்ட்டுக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ ஏற்றும். நம் எடுத்துக்காட்டுப் பேட்டரியின் உச்ச வரம்பே 58.4 வோல்ட்தான். வெப்பநிலைக்கு ஏற்ப மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் அந்தச் சார்ஜரில் இருக்கும். ஈயத்துக்கு அது தேவை, லித்தியத்துக்குத் தேவையே இல்லை.

மின்னழுத்த அளவுகளை நாமே மாற்றிக்கொள்ள முடிகிற இன்வெர்ட்டராக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் பழைய பேட்டரியோடு அதையும் விற்றுவிடுவதே நல்லது.

எல்எஃப்பி என்கிறார்கள், என்எம்சி என்கிறார்கள். எதை வாங்குவது?

வீட்டுக்கும் கடைக்கும் எல்எஃப்பி. ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.2 வோல்ட், உச்சம் 3.65, கீழ் எல்லை 2.5. என்எம்சி, அதாவது நிக்கல் மாங்கனீசு கோபால்ட் கலந்த லித்தியம் செல்லுக்குச் சராசரி 3.6 அல்லது 3.7, உச்சம் 4.2. அதே எடையில் என்எம்சி அதிக மின்சாரம் பிடிக்கும். ஆனால் கட்டுமீறிச் சூடேறித் தீப்பிடிக்கும் நிலையை எல்எஃப்பியைவிடக் குறைந்த வெப்பத்திலேயே எட்டிவிடும். அசையாமல் ஓரிடத்தில் இருக்கப்போகும் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டல்ல.

பழைய மின்வாகனங்களிலிருந்து எடுத்த என்எம்சி பேட்டரிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு கண்ணி இருக்கிறது. 13 செல் கொண்ட என்எம்சி பேட்டரியையும் '48 வோல்ட்' என்றே விற்பார்கள். அதன் உச்சம் 54.6 வோல்ட். எல்எஃப்பிக்கான 56.8 வோல்ட்டை அதற்கு வைத்தால் ஒரு செல்லுக்கு 4.37 வோல்ட் ஆகிறது. தீப்பிடிக்க அது போதும். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டை நம்பாமல், எந்த வகை, தொடரில் எத்தனை செல் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பேட்டரிக்கு உள்ளேயே பிஎம்எஸ் இருக்கிறதே, அதுவே பார்த்துக்கொள்ளாதா? கன்ட்ரோலருக்கு ஏன் தனியாகச் செலவு செய்ய வேண்டும்?

இந்தத் தொகுப்பில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். பிஎம்எஸ், அதாவது பேட்டரி மேலாண்மை அமைப்பு, சார்ஜ் செய்யும் கருவி அல்ல. ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து, எல்லை மீறினால் பேட்டரியைச் சுற்றிலிருந்து துண்டித்துவிடும் கடைசிக் காவல் அது. மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, நிறைந்ததும் நிறுத்துவது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரின் வேலை.

நண்பகலில் 50 ஆம்பியர் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது பிஎம்எஸ் திடீரென்று துண்டித்தால், அந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. கன்ட்ரோலரின் வெளிப்பக்க மின்னழுத்தம் ஒரு கணம் எகிறும். அதே கம்பியில்தான் இன்வெர்ட்டரும் இருக்கிறது. இப்படித் துண்டிப்பு நடந்த நேரத்தில் உயிர்விட்ட இன்வெர்ட்டர்களைப் பார்த்திருக்கிறேன். பிஎம்எஸ் தினமும் துண்டிக்கிறது என்றால் அது நன்றாக வேலை செய்கிறது என்று பொருள் அல்ல. வடிவமைப்பு தவறு என்று பொருள்.

எனவே எல்லைகளை அடுக்கி வையுங்கள். மேலே: கன்ட்ரோலர் 56.8 வோல்ட்டில் நிறுத்த வேண்டும், அதாவது செல்லுக்கு 3.55. பிஎம்எஸ் ஏதாவது ஒரு செல் 3.65-ஐத் தொட்டால் மட்டும் துண்டிக்க வேண்டும். கீழே: இன்வெர்ட்டர் 48 வோல்ட்டில், செல்லுக்கு 3.0-இல், தானே நின்றுவிட வேண்டும். பிஎம்எஸ் 2.5-க்கும் 2.8-க்கும் இடையில் துண்டிக்கலாம். பிஎம்எஸ்ஸும் கன்ட்ரோலரும் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் வகையாக இருந்தால் அந்தக் கேபிளையும் இணையுங்கள். இணைத்தாலும் இந்த அடுக்கை விட்டுவிடாதீர்கள். தகவல் கேபிள் ஒருநாள் அறுந்தால் காப்பாற்றப்போவது இதுதான்.

கன்ட்ரோலரில் வேறு என்னென்ன அளவுகள் வைக்க வேண்டும்?

உச்ச மின்னழுத்தம் மேலே சொன்ன 56.8. அதில் அரை மணி நேரம் நின்றால் போதும். பிறகு 54 வோல்ட்டுக்கு இறங்கி அங்கே நிற்கட்டும். சமன்செய்யும் சார்ஜ் முற்றிலும் நிறுத்தப்பட வேண்டும். வெப்பநிலைத் திருத்தம் சுழியம். மின்னோட்ட வரம்பு 60 ஆம்பியர். 280 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு இது கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். பெரும்பாலான எல்எஃப்பி செல்கள் பாதிப் பங்கு வரை தாங்கும் என்றாலும் நம் வெக்கைக்கு இந்த நிதானம் நல்லது.

பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

அது பேனலைப் பேட்டரியோடு நேராக இணைத்து இணைத்துத் துண்டிப்பது. பேனலின் மின்னழுத்தம் பேட்டரிக்கு இறங்கிவிடும், மிஞ்சியது வீண். எம்பிபிடி கன்ட்ரோலர் கூடுதல் மின்னழுத்தத்தைக் கூடுதல் மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. இந்த அளவுப் பேட்டரிக்கு எம்பிபிடியைத் தவிர வேறொன்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒரு நாளைக்கு 6 யூனிட் ஓடுகிறது. எத்தனை பேனல் போட வேண்டும்?

ஃபிரிட்ஜ், நான்கு மின்விசிறி, விளக்குகள், ஒரு மோட்டார் உள்ள வீட்டுக்கு 6 யூனிட் நியாயமான கணக்கு. நம் கடற்கரையில் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு வெயிலுக்கு இணையான ஒளி கிடைப்பதாக வைத்துக்கொள்ளலாம். வெப்பம், தூசி, கம்பி, மாற்றும் கருவி எல்லாவற்றிலும் போகும் இழப்புக்காக 0.75-ஆல் பெருக்குங்கள். 6-ஐ 5-ஆலும் 0.75-ஆலும் வகுத்தால் 1.6 கிலோவாட். 540 வாட் பேனல் மூன்றே போதும் என்று தோன்றும்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையை யார் சமாளிப்பது? வடகிழக்குப் பருவமழைக்கு 3 மணி நேரம் என்று வைத்துத்தான் நான் கணக்கிடுவேன். அப்போது 2.7 கிலோவாட் வேண்டும். 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட், மழைக்கால நாளிலும் 7 யூனிட் வரும். கோடையில் மிஞ்சுமே என்று கவலைப்பட வேண்டாம். பேனல் இப்போது மலிவு, பேட்டரிதான் விலை. காசைப் பேனலில் போட்டால் பேட்டரி அடிமட்டம் வரை இறங்காமல் நீண்ட நாள் உழைக்கும்.

காக்கா, கன்ட்ரோலரில் 150 வோல்ட் என்று போட்டிருக்கிறது. ஒரு பேனல் 49.5 வோல்ட். மூன்றைத் தொடராகப் போட்டால் 148.5 தானே, சரியாக அடங்குகிறதே?

அண்ணனைக் காக்கா என்று அழைக்கும் கீழக்கரையில் ஒரு தம்பி கேட்டது, கூட்டல் சரிதான். ஆனால் பேனலின் பின்னால் எழுதியிருக்கும் 49.5 என்பது செல்லின் வெப்பம் 25 டிகிரி இருக்கும்போது, மின்னோட்டம் எதுவும் எடுக்காமல் அளந்த திறந்தசுற்று மின்னழுத்தம். வெப்பம் குறையக் குறைய அது ஏறும், டிகிரிக்கு ஏறத்தாழ 0.27 சதவீதம். தை மாத விடியலில் 20 டிகிரிக்கு இறங்கினால் ஒரு பேனல் 50.2 வோல்ட். மூன்றுக்கு 150.5. பேட்டரி நிறைந்து கன்ட்ரோலர் மின்னோட்டம் எடுக்காமல் நிற்கும் ஒரு குளிர்ந்த காலையில் அது எரிந்துபோகலாம். வரம்பு என்று எழுதியிருப்பதற்குக் கீழே குறைந்தது பத்து சதவீதம் விட்டுவைக்க வேண்டும்.

எனவே இரண்டிரண்டாகத் தொடர், அப்படி மூன்று வரிசைகள் இணை. கோடையில் பேனல் கொதித்தாலும் இரண்டின் இயங்கு மின்னழுத்தம் 70 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும், 56.8 வோல்ட்டுக்கு ஏற்ற அது தாராளம். ஒற்றைப் பேனல் 41 வோல்ட்டில் இயங்குவதால் இந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே முடியாது.

மூன்று வரிசையை ஒன்றாகச் சேர்க்கும் இடத்தில் ஃபியூஸ் அவசியமா? இரண்டு வரிசை போட்ட பக்கத்து வீட்டில் இல்லையே.

இரண்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை, மூன்றுக்குத் தேவை. ஒரு வரிசையில் பழுது வந்தால் மற்ற வரிசைகளின் மின்னோட்டம் அதற்குள் பின்னோக்கிப் பாயும். குறுக்குச்சுற்று மின்னோட்டம் வரிசைக்கு 13.9 ஆம்பியர். இரண்டு சேர்ந்து 27.8. இந்த வகைப் பேனல்கள் தாங்கும் எல்லை பெரும்பாலும் 25 ஆம்பியர். ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் சோலாருக்கென்று செய்த 25 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பேனல் அட்டையில் அதிகபட்ச ஃபியூஸ் அளவு எழுதியிருக்கும், அதைத் தாண்டக் கூடாது.

பேனலை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்த்து வைப்பது?

தெற்குப் பார்த்து 10 டிகிரி. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரியை ஒட்டி இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது சூரியன் உச்சந்தலைக்கு வந்து, ஆவணி நடுப்பகுதி வரை வடக்கே நிற்கும். அதனால் கோடையில் தெற்குச் சாய்வால் சிறிது இழப்பு உண்டு. பரவாயில்லை, நமக்கு மின்சாரம் குறைவது மழைக்காலத்தில்தான், அப்போது சூரியன் தெற்கே இருக்கும். 10 டிகிரிக்குக் குறைவாகப் படுக்க வைத்தால் மழைநீர் வழியாமல் விளிம்பில் உப்பும் மண்ணும் படியும். தென்னை ஓலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் குறையும்.

அக்னி நட்சத்திர வெயிலில் மாசி மாதத்தைவிடக் குறைவாக வருகிறதே, பேனல் பழுதா?

இல்லை. பேனலுக்கு ஒளி வேண்டும், வெப்பம் வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் 0.35 சதவீதம் அளவில் குறையும். கோடை நண்பகலில் செல்லின் வெப்பம் 65 டிகிரியைத் தொட்டால் 14 சதவீதம் போய்விடும். கூரையோடு ஒட்டி வைக்காமல் பேனலுக்கு அடியில் காற்றோட இடம் விடுங்கள்.

அதோடு, மழை இல்லாத மாதங்களில் கண்ணாடியில் உப்புப் படலம் படியும். விடியற்காலையில், பேனல் சூடாகும் முன்பு, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணற்று நீரால் கழுவினால் உப்பின் மேல் உப்பு சேர்ப்பதாக ஆகும்.

உப்புக்காற்றில் இதெல்லாம் எத்தனை நாள் தாங்கும்? எங்கள் தெருவில் ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் உதிர்கிறது.

சரியான கேள்வி. உள்ளூர்க்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பகலில் காய்ந்ததுபோல் தெரியும் இணைப்பு, இரவில் நனைந்து அரிக்கிறது. அரித்த இணைப்பில் தடை ஏறும், தடை ஏறினால் சூடு, சூட்டில் உறை உருகும். கடலோரத்தில் நான் பார்த்த சோலார் பழுதுகளில் பெரும்பாலானவை பேனலிலோ பேட்டரியிலோ தொடங்கியவை அல்ல. ஒரு திருகிலோ, கம்பி முனையில் அழுத்திப் பொருத்தும் ஒரு லக்கிலோ தொடங்கியவை.

பேனல் வாங்கும்போது ஐஇசி 61701 என்ற உப்புமூட்டச் சோதனையில் தேறியதா என்று பாருங்கள். தாங்கும் சட்டம் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பாகவோ, பூச்சேற்றிய அலுமினியமாகவோ இருக்கட்டும். வெட்டிய, துளையிட்ட இடங்களில் துத்தநாகப் பூச்சை அன்றே அடியுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். போல்ட் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. 304 தரம் கடலோரத்தில் கறை பிடித்துவிடும். கம்பி வெள்ளீயம் பூசிய செம்பாக இருந்தால் மிக நல்லது, லக்குகளும் அப்படியே. அழுத்திய லக்கின் மேல் உட்புறம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். பேனல் கம்பிகளைச் சேர்க்கும் எம்சி4 இணைப்பிகளில் ஆணும் பெண்ணும் ஒரே நிறுவனத்தினதாக இருக்க வேண்டும். பார்க்கப் பொருந்தினாலும் வேறு வேறு நிறுவனங்களுடையவை உள்ளே சரியாகக் கவ்வாது.

கன்ட்ரோலரில் விசிறி உள்ளதைத் தவிருங்கள். அந்த விசிறி கடற்காற்றை உள்ளே இழுத்துச் சுற்றுப்பலகையின் மேல் ஊதிக்கொண்டிருக்கும். விசிறி இல்லாத, பின்னால் பெரிய அலுமினிய வெப்பத்தகடு உள்ள வகை நல்லது. அதையும் தேவைக்குச் சற்றுப் பெரிய அளவில் வாங்கினால் சூடு குறையும். வெளியே வைக்கும் பெட்டிகளுக்குக் கம்பி நுழையும் துளை கீழ்ப்பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் மழை தொடங்கும் முன்பு எல்லா இணைப்புகளையும் திறந்து பார்த்து முறுக்கிவிடுங்கள்.

எந்த கேபிள், எந்த ஃபியூஸ்? கடையில் வீட்டு வயரிங் பிரேக்கரே போதும் என்கிறார்கள்.

போதாது. வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு முறை சுழியத்தைக் கடக்கிறது, அதனால் பிரேக்கருக்குள் எழும் தீப்பொறி தானாக அணையும். நேர்மின்னோட்டத்தில் அந்தச் சுழியம் வருவதே இல்லை. பொறி அணையாமல் பிரேக்கரையே எரிக்கும். நேர்மின்னோட்டத்துக்கென்று செய்த பிரேக்கரிலும் சிலவற்றுக்குக் கூட்டல், கழித்தல் திசை உண்டு. அதை மாற்றி இணைத்தால் அதுவும் பொறியை அணைக்காது.

இந்தப் பேட்டரியின் உள்தடை சில மில்லி ஓம் மட்டுமே. ஸ்பேனர் ஒன்று இரு முனைகளிலும் விழுந்தால் பல ஆயிரம் ஆம்பியர் பாயும். எனவே பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் முதன்மை ஃபியூஸ் இருக்க வேண்டும். அது நேர்மின்னோட்டத்துக்கு உரிய, அந்த ஆயிரங்களைத் துண்டிக்கும் திறனுள்ள வகையாக இருக்க வேண்டும். காரில் போடும் ஃபியூஸ் அல்ல. 3 கிலோவாட் இன்வெர்ட்டர் 48 வோல்ட்டில் 70 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 125 ஆம்பியர் ஃபியூஸும் 35 சதுர மில்லிமீட்டர் கேபிளும். கன்ட்ரோலருக்கு 80 ஆம்பியர் ஃபியூஸும் 16 சதுர மில்லிமீட்டர் கேபிளும்.

மாடியிலிருந்து கீழே வரும் பேனல் கம்பியில் இழப்பைக் கணக்கிடுங்கள். ஒரு வரிசையின் 13 ஆம்பியர், 20 மீட்டர் தூரம், போக வர 40 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் 2.3 வோல்ட் வழியிலேயே போகும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 1.5 வோல்ட். வித்தியாசத்துக்காகும் செலவு சிறியது, 6 போடுங்கள்.

பேட்டரியை மாடிப்படிக்கு அடியில் வைக்கலாமா?

மாடியில் தூங்குகிறவர்கள் இறங்கி ஓடும் ஒரே வழி அது என்றால் வைக்கக் கூடாது. எல்எஃப்பி எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் பழுதானால் எரியக்கூடிய வாயுவை வெளியிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும் வேண்டாம். பெரும்பாலான செல்களுக்குச் சார்ஜ் ஏறும்போதுள்ள வெப்ப எல்லை 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், அந்த அறை கோடையில் அதைத் தொடும்.

நேர்வெயில் ஏறாத, காற்றோட்டமுள்ள அறை நல்லது. தரையில் வைக்காமல் இடுப்பளவு உயரத்தில் சிமெண்ட் மேடை கட்டுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குள் கடல் ஏறி வந்ததை மறக்க முடியாத கரை இது. தாழ்வான தெருக்களில் மழைநீர் நிற்பதற்குப் புயல்கூட வேண்டாம். உப்பு நீர் பட்ட பேட்டரியைக் காயவைத்து மறுபடி இயக்க முயலாதீர்கள்.

படகில் 24 வோல்ட் லித்தியம் போட்டிருக்கிறேன். பேனலோடு இன்ஜின் டைனமோவையும் நேராக இணைக்கலாமா, அண்ணே?

வேண்டாம். ஈய பேட்டரி நிறைய நிறைய மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கிட்டத்தட்ட நிறையும்வரை கொடுத்ததையெல்லாம் வாங்கும். டைனமோ ஓய்வில்லாமல் முழுத் திறனில் ஓடிச் சூடேறி எரியும். இன்ஜினைக் கிளப்ப ஈய பேட்டரியை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து மின்னோட்டத்தை வரம்புக்குள் எடுத்துத் தரும் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்தை இணையுங்கள். 8 செல் எல்எஃப்பிக்கு உச்ச எல்லை 29.2 வோல்ட், சார்ஜரை 28.4-இல் நிறுத்துங்கள். எல்லைகளின் அடுக்கு வீட்டுக்குச் சொன்னதுதான், பாதி அளவில்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும். பேட்டரியை நிறைத்து வைத்துவிட்டால் நல்லதுதானே?

ஈய பேட்டரிக்கு நல்லது, லித்தியத்துக்கு அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளும் கடும் வெயில் காலம். நிறைந்த நிலையும் வெப்பமும் சேர்ந்தால் செல் விரைவாக மூப்படையும். பாதி அளவில் வைத்து, பேனலையும் சுமையையும் துண்டித்து, நிழலில் வையுங்கள். பிஎம்எஸ் தானே சிறிது மின்சாரம் உண்ணும் என்பதால் இடையில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

99 சதவீதம் என்று காட்டும்போதே பிஎம்எஸ் துண்டிக்கிறது. 56.8 தான் வைத்திருக்கிறேன். செல் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெடவில்லை, சமன் குலைந்திருக்கிறது. பிஎம்எஸ் செயலியில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் பாருங்கள். ஒன்று 3.65-ஐத் தொட்டிருக்கும்போது மற்றவை 3.45-இல் நிற்கும். மொத்தம் எல்லைக்குள் இருந்தாலும் அந்த ஒரு செல் பிஎம்எஸ்ஸைத் தூண்டிவிடும்.

பெரும்பாலான பிஎம்எஸ்களில் சமன்செய்யும் மின்னோட்டம் சில பத்து முதல் நூற்றைம்பது மில்லி ஆம்பியர் வரைதான். 280 ஆம்பியர்-மணிச் செல்லுக்கு அது மிகவும் சொற்பம். உச்ச மின்னழுத்தத்தைத் தற்காலிகமாக 55.2-க்குக் குறைத்து, அதில் நிற்கும் நேரத்தை இரண்டு மூன்று மணியாக நீட்டுங்கள். வெயிலுள்ள நாள்கள் சில போனால் செல்கள் நெருங்கி வரும். பிறகு பழைய அளவுக்குத் திரும்புங்கள். நெருங்கவே இல்லை என்றால் 1 அல்லது 2 ஆம்பியரில் வேலை செய்யும் தனிச் சமன்செய்கருவி வேண்டும். அதன் பிறகும் அதே செல் முதலில் நிறைந்து முதலில் காலியாகிறது என்றால், அது உண்மையிலேயே கொள்ளளவு குறைந்த செல்.

பழைய பேட்டரியோடு இன்னொரு புதியதை இணையாகச் சேர்க்கலாமா?

ஒரே வகை, ஒரே செல் எண்ணிக்கை என்றால் சேர்க்கலாம். இரண்டையும் தனித்தனியே முழுதாக நிறைத்து, மின்னழுத்தம் சமமாக வந்த பிறகே இணையுங்கள். வித்தியாசம் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அடங்காத மின்னோட்டம் பாயும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், இரண்டும் சேரும் பொது இணைப்புப் பட்டை (பஸ்பார்) வரை ஒரே நீளக் கேபிள். என்எம்சியையும் எல்எஃப்பியையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

கார்த்திகையில் தொடர்ந்து நான்கு நாள் வெயிலே இல்லை. அப்போது என்ன செய்வது?

பேட்டரியில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தலாம் என்றால் 11.4 யூனிட், ஏறத்தாழ இரண்டு நாளுக்குத் தாங்கும். மேகத்திலும் சிறிது வரும். மூன்றாம் நாளுக்கு மின்வாரிய இணைப்பிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ ஏற்றும் சார்ஜர் வேண்டும். அதன் உச்ச அளவும் 56.8-ஐத் தாண்டக் கூடாது. சோலாரை நாலு பேர் பார்த்துச் சரிசெய்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: எதுவும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் 40 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 யூனிட். மழை நாளில் அது பெரிய தொகை. விளக்குக்கும் மின்விசிறிக்கும் சிறிய இன்வெர்ட்டர் ஒன்றைத் தனியாக வைத்து, பெரியதை அணைத்துவிடலாம்.

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. எதை முதலில் இணைக்க வேண்டும்?

முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணையுங்கள். அது பேட்டரியின் மின்னழுத்தத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, அளவுகளை எல்லாம் பதியுங்கள். அதன் பிறகே பேனல் பிரேக்கரைப் போடுங்கள். கழற்றும்போது பேனல் முதலில், பேட்டரி கடைசியில்.

இன்வெர்ட்டரை நேராக இணைத்தால் அதன் கெபாசிட்டர்கள் ஒரு நொடியில் நிறைய முயன்று பெரிய பொறி எழும், பிஎம்எஸ்ஸும் பழுதாகலாம். 30 ஓம் அளவுள்ள கம்பிச்சுற்று ரெசிஸ்டர் வழியாக இரண்டு மூன்று விநாடி நிறையவிட்டு, பிறகு முதன்மைச் சுவிட்சைப் போடுங்கள். முதல் நாள் நண்பகலில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஒவ்வொரு இணைப்பின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நேரத்தில் அளக்கும்போது எந்தத் திருகு சூடேறியிருக்கிறது என்று அந்தக் குறிப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.